அவர் பெயர் வைத்த வரிகள்

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து வந்ததும் சேலைகூட மாற்றாமல் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவேன். வங்கியின் தளத்துக்குள் நுழைந்து, போன மாதத்து வரவு செலவை ஒரு கோப்பாக இறக்கி, என் கணவர் பத்துப் பன்னிரண்டு வருஷமாக நடத்திவந்த வீட்டுக் கணக்கு மென்பொருளுக்குள் ஏற்றுவேன். ஏற்றியதும் அவர் பேச ஆரம்பிப்பார். அவர் இறந்து மூன்றாவது வருஷம் நடக்கிறது.

பேய் பிசாசு விவகாரம் இல்லை. வங்கி கொடுக்கிற கோப்பை மனுஷர் படிக்க முடியாது. யுபிஐ என்று ஒரு சொல், ஒரு சாய்கோடு, ஒரு போன் நம்பர், இன்னொரு சாய்கோடு, பாதியில் அறுந்த ஏதோ ஒரு பெயர். இந்த நம்பர் வந்தால் இந்தப் பெயரைப் போடு என்று மென்பொருளுக்கு ஒரு தடவை சொல்லிவைத்துவிட்டால், அதற்கப்புறம் வருகிற வரிகளில் எல்லாம் அதுவே மாற்றிப் போட்டுக்கொள்ளும். பழைய வரிகளைத் தொடாது. இதை அவர் 'ரூல்' என்பார். நூற்றுக்கணக்கில் ரூல் எழுதிவைத்திருந்தார்.

அவர் வளர்ந்தது தாராவியில். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் சந்து. அங்கே பட்டப்பெயர் இல்லாத ஆள் கிடையாது. கல்யாணப் பத்திரிகை வந்தால் அச்சடித்த பெயரைப் பார்த்து யாருக்கும் எதுவும் விளங்காது. உறையின் மூலையில் பேனாவால் பட்டப்பெயரை எழுதினால்தான் ஓ, அவனா என்பார்கள். விக்ரோலியில் ஒரு தொழிற்சாலையின் ஸ்டோர்ஸில் முப்பது வருஷம் இங்கிலீஷில் எழுதிக் கழித்த மனுஷர், வீட்டுக் கணக்கைத் தமிழில்தான் எழுதுவேன் என்று அடம்பிடித்தார். எழுதியதெல்லாம் பட்டப்பெயர். எங்கள் கட்டிடத்துக்குக் கீழே இருக்கும் மருந்துக்கடை 'மிட்டாய் மாமா', சில்லறைக்குப் பதில் மிட்டாய் நீட்டிய காலத்து ஞாபகம். இன்டர்நெட் பில் 'சுத்துற வட்டம்'. கரண்ட் பில் 'ஏசி போட்டவள் கவனிக்கவும்'. செம்பூர் மார்க்கெட்டில் நான் காய்கறி வாங்கும் தள்ளுவண்டி 'இவள் பேரம் பேசாத ஒரே இடம்'. சுனாபட்டியில் இருக்கும் என் அக்காவுக்கு நான் அனுப்பும் பணம் 'சுனாபட்டி அம்மையார்'. வங்கி பிடிக்கும் கட்டணத்துக்கு வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

அவர் இருந்தபோது இதையெல்லாம் நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. எனக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை வேலையே எரிச்சல். நான் அடுப்படியில் நிற்பேன், அவர் உள் அறையில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு வரியாகக் கத்துவார்.

"ஏட்டி, பதிமூணாந் தேதி நூத்திருவது ரூவா, இது என்னது?"

"எனக்கு என்ன தெரியும்? இளநீரா இருக்கும்."

"இளநிக்கு நூத்திருவதா?"

"அப்ப ரெண்டு இளநீ."

என் பதில் நம்பும்படியாக இல்லையென்றால் அந்த நம்பருக்கே போன் போட்டுவிடுவார். வெட்கமே கிடையாது. "பாய், ஆப்கா நம்பர் பே ஏக் சௌ பீஸ் ருப்யா கயா. ஆப் க்யா பேச்தா?" என்று தாராவி ஹிந்தியில் கேட்பார். பணம் வந்திருக்கிறது, நீ என்ன விற்கிறாய் என்று கேட்டால் எதிராளிக்கும் கோபம் வராது போலிருக்கிறது. இப்படிக் கேட்டே ஒரு தேங்காய்க் கடைக்காரருக்குச் சிநேகிதராகி, அவர் மகள் கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டும் வந்தார். நான் போகவில்லை. ஆனால் தெரியாத வரி என்று ஒன்றை அவர் ஒருநாளும் விட்டுவைத்ததில்லை. இதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், என்னை அரித்துத் தின்றது இந்தப் பழக்கம்தான்.

அந்த டிசம்பரில் அவருக்கு வயிற்றில் ஒரு ஸ்கேன் எடுத்தோம். மாட்டுங்காவில், ஸ்டேஷனை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த ஸ்கேன் சென்டர். பணத்தை மகன் கட்டினான். ரிப்போர்ட் மூன்று நாளில் வரும் என்றார்கள். அப்போது நான் மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். போகிற வழிதானே, நானே வாங்கி வருகிறேன் என்றேன். பதினாறாம் தேதி போனேன். படத்துக்குத் தனியாக முந்நூறு ரூபாய் என்றார்கள். கவுண்டரில் ஒட்டியிருந்த க்யூஆர் அட்டையை போனில் ஸ்கேன் செய்து கட்டினேன். ரசீதைக் கொடுத்த பெண் என் முகத்தைப் பார்க்காமல், டாக்டர் உள்ளே வரச் சொல்கிறார் என்றாள்.

டாக்டர் சொன்னதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஆறு மாதம் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் ஆறு மாதம்தான் ஆனது.

ரிப்போர்ட்டைப் பள்ளிக்கூடத்து பீரோவில் பழைய அட்டெண்டன்ஸ் கட்டுகளுக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். வீட்டில் வந்து, "ஆளு லீவுல போயிட்டாங்களாம். கிறிஸ்துமஸ் கழிச்சுதான் ரெடியாவுமாம்" என்றேன். காரணம் ஒன்றுதான். டிசம்பர் வந்தால் அவர் வேறு ஆள். எங்கள் சபையின் கேரல் குழுவில் அடிக்குரல் பாடுகிறவர் அவர். தாராவி, சுனாபட்டி, செம்பூர் என்று வீடு வீடாகப் போய்ப் பாடிவிட்டு, தொண்டை கட்டி, கேக்கும் முறுக்குமாகத் திரும்பி வருவார். அந்த ஒரு கிறிஸ்துமஸ் மட்டும் அவருக்குக் கெடாமல் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். பதினொரு நாள் தள்ளினால் நோய் ஒன்றும் மாறிவிடாது என்று டாக்டரிடமும் கேட்டு வைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிறு வந்தது. அது முதல் ஞாயிறுகூட இல்லை. பண்டிகைச் செலவு கைமீறிப் போகிறது என்று சொல்லி மாதத்தின் நடுவிலேயே கோப்பை இறக்கிவிட்டார்.

"ஏட்டி, பதினாறாந் தேதி முந்நூறு ரூவா. இது என்னது?"

அந்த வரியில் ஸ்கேன் சென்டரின் பெயர் வராது, சொந்தக்காரரின் நம்பர்தான் வரும் என்பது தெரியும். "ஜாக்கெட் தைக்கக் குடுத்தேன்" என்றேன்.

"முந்நூறா? தங்க நூல்லயா தைக்கான்?"

சட்னிக்குத் தேங்காய் போட்டு மிக்ஸியை ஓடவிட்டேன். பேச்சை முடிக்கத்தான். தேங்காய் கூழாகிப் போனது, நான் நிறுத்தவில்லை. நிறுத்தியபோது உள்ளே அவர் யாருடனோ போனில் பேசிக்கொண்டிருந்தார். சரி, சரியென்று ஹிந்தியில் முடித்த கடைசி வார்த்தைகள்தான் காதில் விழுந்தன. "அச்சா. டீக் ஹை." அவ்வளவுதான். வெளியே வந்து, சாப்பிடலாமா என்றார்.

அந்த வருஷம் கேரலுக்குப் போனார். பாடினார். கிறிஸ்துமஸ் அன்று புதுச்சட்டை போட்டுக்கொண்டார், தாணேயிலிருந்து மகன் குடும்பத்தோடு வந்தான், பிரியாணி செய்தேன். இருபத்தேழாம் தேதி காலை ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரி வரைக்கும் படித்தார். மேலே ஓரத்தில் தேதி அச்சாகியிருந்தது, அதை மறைக்க எனக்குத் தோன்றவே இல்லை. மூன்று ரூபாய் வித்தியாசத்துக்கு மூன்று கேள்வி கேட்கிற மனுஷர், இது எப்போது வந்தது என்று கேட்கவில்லை. "டாக்டர எங்கன பாக்கச் சொல்லுதாவ?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு எல்லாம் பெரிய ஆஸ்பத்திரியில். அந்த ஸ்கேன் சென்டருக்கு நாங்கள் திரும்பிப் போகவில்லை.

மழை ஆரம்பிக்கும் முன்னால் போய்ச் சேர்ந்தார்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை மகன் தாணேயிலிருந்து வந்து, பாக்கி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கக் கோப்பை இறக்கி ஏற்றினான். நான் பின்னால் நின்றேன். திரை முழுக்க அவர் எழுதிய பெயர்கள் மளமளவென்று வந்து விழுந்தன. மிட்டாய் மாமா. சுத்துற வட்டம். ஏசி போட்டவள் கவனிக்கவும். சவப்பெட்டி செய்துகொடுத்தவருக்கு மட்டும் பட்டப்பெயர் இல்லை, வெறும் நம்பராக நின்றார். நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். மகன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். அவனுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டித்தான் வரும். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்று பாதிதான் அவனுக்குப் புரிந்தது.

அப்புறம் நானே கற்றுக்கொண்டேன். கற்றுக்கொண்டதோடு நிற்கவில்லை, பித்துப் பிடித்து அலைந்தேன் என்றே சொல்லலாம். நாங்கள் எப்போதோ போன கடைகளுக்கெல்லாம் தேடிப் போனேன். தாராவியில் ஒரு முறுக்குக் கடை. மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழையிலை விற்கிறவர். நாற்பது ரூபாய்க்கு எதையாவது வாங்கி போனில் பணம் கட்டுவேன். மாதம் முடிந்ததும் அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார். முறுக்குக் கடைக்கு 'பல்லு போனாலும் பரவாயில்லை' என்று வைத்திருந்தார். நான் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். சில ஞாயிறு அவர் ஒன்றும் சொல்லமாட்டார், வெறும் நம்பர்களாக வரும். அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. சில நாள் கோபமும் வரும். ஒரு மனுஷர் செத்த பிறகும் என் காய்கறிக்குக் குறை சொல்வதா?

ஒரே ஒரு சந்துக்கு மட்டும் நான் போகவில்லை. மாட்டுங்காவில் இறங்கினால் அந்த ஸ்கேன் சென்டர் இருக்கும் பக்கம் தலைகாட்டாமல் சுற்றிப் போவேன். டிசம்பர் பக்கத்தை மட்டும் ஒருநாள் தைரியமாகத் திறந்து பார்த்தேன். பதினாறாம் தேதி, முந்நூறு ரூபாய், 'ஜாக்கெட்' என்றே இருந்தது. என் வாயால் சொன்னதை அப்படியே எழுதியிருந்தார். நம்பியிருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் அந்த அச்சாவும் டீக் ஹையும் விடவில்லை. யாரிடம் சொன்னார்? தேங்காய்க் கடைக்காரரிடமா, கேரல் குழுவில் யாரிடமாவதா? அவர் அந்த நம்பருக்குக் கூப்பிட்டிருந்தால், எடுத்தவர்கள் ஸ்கேன் சென்டர் என்று சொல்லியிருப்பார்கள். அப்படியானால் நான் கொடுத்ததாக நினைத்த கிறிஸ்துமஸை நான் கொடுக்கவே இல்லை. நான் மறைப்பதைத் தெரிந்துகொண்டே அவர் அத்தனை நாளும் தனியாகச் சுமந்திருப்பார், நான் பக்கத்திலேயே பொய் சொல்லிக்கொண்டு நின்றிருப்பேன். இதையே நினைத்துக்கொண்டு பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டிருக்கிறேன்.

ரூல் எல்லாம் மொத்தமாக ஒரு பட்டியலில் இருக்கும், வேண்டுமானால் திறந்து பார்த்துக்கொள் என்று மகன் காட்டினான். திறக்கவில்லை. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படித்துவிட்டால் அப்புறம் அவர் எனக்குச் சொல்ல எதுவும் மிச்சம் இருக்காதே என்றேன். அது பாதி உண்மை.

இந்த வருஷம் என் வலது முட்டி மக்கர் பண்ண ஆரம்பித்தது. செம்பூர் டாக்டர் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். மகன் போனிலேயே புக் செய்துவிட்டு விலாசம் அனுப்பினான். அதே சந்து. அவனுக்கு அது ஞாபகமில்லை. மாற்றச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. போனேன். சுவருக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், கவுண்டரில் வேறு பெண் இருந்தாள், ஒட்டியிருந்த அட்டை மட்டும் ஓரம் கறுத்துப் பழையதாகவே இருந்தது. பர்ஸில் போதுமான பணம் இருந்தது. பர்ஸைத் திறந்தேன், மூடினேன், போனை எடுத்துக் கட்டினேன். அதற்கப்புறம் மாதம் முடிய மூன்று வாரம் இருந்தது. அந்த மூன்று வாரத்தை எப்படித் தள்ளினேன் என்று எனக்கே தெரியவில்லை.

முதல் ஞாயிறு கோப்பை இறக்கினேன். ஏற்றினேன். ஒரு பெயர்கூட வரவில்லை.

எங்கள் வங்கியை இன்னொரு வங்கியோடு சேர்த்துவிட்டார்கள் என்று ஏற்கெனவே கடிதம் வந்திருந்தது. காசோலைப் புத்தகம்தான் மாறும் என்று நினைத்திருந்தேன். கோப்பும் மாறியிருந்தது. சாய்கோடு இருந்த இடத்தில் எல்லாம் சின்னக் கோடு. முன்னால் இருந்த போன் நம்பர் கடைசிக்குப் போயிருந்தது. தேதி, மாதத்தை முன்னால் போட்டு வந்தது. மென்பொருள் அதையும் தலைகீழாக எடுத்துக்கொண்டு, நான் மே மாதம் வாங்கிய மீனை நவம்பர் கணக்கில் எழுதிவைத்தது. நவம்பர் வர இன்னும் ஐந்து மாதம் இருந்தது. மற்றபடி மிட்டாய் மாமா இல்லை, அம்மையார் இல்லை, திரை முழுக்க எண்கள். தாணேக்கு போன் போட்டேன்.

"மம்மி, பார்மட் மாறிட்டு. பப்பா போட்ட ரூல் எதுவும் மேட்ச் ஆகாது" என்றான். "அத ச்சோட் தோ, விட்டுருங்க. நான் போன்ல ஒரு ஆப் போட்டுத் தாரேன். அதுவே எல்லாம் பண்ணிரும்."

"அது உங்கப்பா மாதிரி பேசுமால?"

"இல்ல மம்மி" என்றான்.

"அப்ப வேண்டாம்."

முப்பது வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் மார்க் லிஸ்ட் போட்டவள் நான். கோப்பை அட்டவணையாகத் திறந்தேன். சின்னக் கோடு வருகிற இடத்தில் எல்லாம் பிரித்துத் தனித்தனிப் பத்தியாக்கினேன். கடைசியில் இருந்த நம்பர் பத்தியை முன்னால் கொண்டுவந்தேன். நடுவில் சாய்கோடு போட்டு மறுபடி ஒட்டினேன். தேதியைத் திருப்பினேன். மூன்று தடவை தப்பாகி, மூன்று தடவையும் ஏற்றியதை அழித்தேன். பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவள், மணி மூன்றரையானபோது புதுக் கோப்பைப் பழைய கோப்பின் வடிவத்துக்கு மாற்றி முடித்திருந்தேன். ஊரெல்லாம் பழைய கோப்பைப் புதுசாக்கும். நான் புதுசைப் பழசாக்கினேன், அவருக்கு அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காக.

சேமித்து, ஏற்றி, கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது எல்லோரும் வந்திருந்தார்கள். மிட்டாய் மாமா வந்திருந்தார். சுனாபட்டி அம்மையார் வந்திருந்தாள். ஏசி போட்டவள் கவனிக்கவும். விரலை வைத்து ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்கினேன். எக்ஸ்ரே எடுத்த தேதியில் நம்பர் இல்லை. அங்கேயும் அவர் எழுதியிருந்தார்.

'ஸ்கேன்காரர். அவள் சொல்லும்போது சொல்லட்டும்.'

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. தெரிந்துகொண்டே புதுச்சட்டை போட்டிருக்கிறார். தெரிந்துகொண்டே அடிக்குரலில் பாடியிருக்கிறார். என் பொய்யை டிசம்பர் வரியில் அழிக்காமல் ஜாக்கெட் என்றே விட்டுவைத்துவிட்டு, இனி வரப்போகும் வரிக்கு மட்டும் இதை எழுதியிருக்கிறார். நான் அவருக்காக மறைத்தேன், அவர் எனக்காக மறைத்தார், இரண்டு பேரும் ஒரே மேஜையில் பிரியாணி சாப்பிட்டோம். ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனே என்று திரையைப் பார்த்துத் திட்டினேன். திட்டும்போதே அழுகையும் வந்துவிட்டது. அவர் கேட்கத்தான் செய்தார். நான்தான் மிக்ஸியைப் போட்டேன்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். அவர் கேட்கும்போதெல்லாம் நான் நின்ற இடத்தில், மேடையை ஒட்டி நின்றுகொண்டேன். உள் அறைக் கதவு திறந்திருந்தது. நாற்காலியின் முதுகு மட்டும் தெரிந்தது.

"இங்கேருங்க" என்றேன். "அது ஜாக்கெட் இல்ல. உங்க ரிப்போர்ட்டு. பதினாறாந் தேதியே எனக்குத் தெரியும்."

பிறகு இந்த மாதத்து வரியையும் சொன்னேன். "இது என் முட்டி. எக்ஸ்ரே எடுத்தேன். தேய்மானந்தானாம், பயப்பட ஒண்ணுமில்ல."

அவர் அடுத்த வரியைக் கேட்பார் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.